எழுத்துப் புதிரும் எண்ணும் முறையும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்தார். அந்தப் பெண் பட்டப்படிப்பு முடித்தவள். அரசாங்க உத்தியோகத்திற்கான பரீட்சையை இருமுறை எழுதி, இருமுறையும் சில மதிப்பெண்களில் தவறவிட்டவள்.

"சாமி, மூன்றாம் தடவை எழுதப் போகிறாள். அவளுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும்" என்றார் தாயார். மகளோ தலையைக் குனிந்துகொண்டு, "பூசை வைத்து என்ன செய்ய, சாமி? எனக்கு மூளை போதாது" என்றாள்.

பூசை வைக்கச் சம்மதித்தேன். கூடவே, அவள் எழுதிய பழைய வினாத்தாளையும் கொண்டுவரச் சொன்னேன். அன்று மாலையே இருவரும் வந்தார்கள். தாளைப் புரட்டிப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. சரித்திரம், பூகோளம், கணக்கு ஆகியவற்றில் பெரிய பழுது ஒன்றுமில்லை. எழுத்துப் புதிர்கள் வந்த இடங்களில்தான் வரிசையாகத் தவறுகள். "இவற்றை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டேன். "எது ஒத்துப்போகிற மாதிரி கண்ணுக்குத் தோன்றியதோ, அதைக் குறித்தேன் சாமி. இங்கிலீஷ் எழுத்தைக் கண்டாலே பயம்" என்றாள்.

இந்தப் பயம் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. தமிழில் படித்து வந்த நம் பிள்ளைகள் பலருக்கும் உண்டு. ஆகையால் இந்த வாரம் இப்பகுதியை அந்தப் பாடத்திற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பென்சிலும் வெற்றுத் தாளும் எடுத்துக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி வேண்டுகிறேன்.

இது சில்லறை விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் முதற்கட்டத்தில் 60 நிமிடங்களில் 100 கேள்விகள். அவற்றில் 25 கேள்விகள் பகுத்தறியும் திறனைச் சோதிப்பவை. எழுத்துப் புதிர்கள் இந்தப் பகுதியிலேதான் வருகின்றன. சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கோ அரை மதிப்பெண் குறைக்கப்படும். ஆகவே குருட்டாம்போக்கில் குறிப்பவன் வர வேண்டியதை இழப்பதோடு, கையில் உள்ளதையும் கொடுத்துவிடுகிறான்.

முதற்படி: வரிசையை எண்ணோடு எழுதுதல்

ஆங்கில அரிச்சுவடியில் 26 எழுத்துக்கள். அவற்றை ஐந்து ஐந்தாகப் பிரித்து, எண்ணோடு எழுதுங்கள்:

1 ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 ஈ
6 எஃப், 7 ஜி, 8 எச், 9 ஐ, 10 ஜே
11 கே, 12 எல், 13 எம், 14 என், 15 ஓ
16 பி, 17 க்யூ, 18 ஆர், 19 எஸ், 20 டி
21 யு, 22 வி, 23 டபிள்யு, 24 எக்ஸ், 25 ஒய்
26 இசட்

ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' என்றே வருகின்றன. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் 'டி' என்றே வருகின்றன. ஆகையால் அவை வரும் இடங்களில் பி(2), பி(16), டி(4), டி(20) என்று எண்ணையும் சேர்த்து எழுதுகிறேன்.

26 எண்களையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. நெடுஞ்சாலையில் மைல்கல் நட்டதுபோல இவை நிற்கும். எம் எத்தனையாவது எழுத்து என்று கேட்டால், ஏயிலிருந்து தொடங்கி முணுமுணுக்க வேண்டாம். ஓ 15, அதற்கு இரண்டு முன்னால் எம், எனவே 13. வி எத்தனை? டி 20; அதற்குப் பின் யு, வி; எனவே 22.

இரண்டாம் படி: முதல் ஜோடியில் விதியைக் காணுதல்

கேள்வி இப்படி வரும்: "சி, எஃப், ஐ என்பதற்கு ஈ, எச், கே எப்படியோ, அப்படியே எல், ஓ, ஆர் என்பதற்கு எது?"

எழுத்துக்களை மறந்துவிட்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேல் வரியில் 3, 6, 9. கீழ் வரியில் 5, 8, 11. மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வோர் எண்ணிலும் 2 கூடியிருக்கிறது. இதுவே விதி. இனி எல், ஓ, ஆர் என்பவற்றை எழுதுங்கள்: 12, 15, 18. இரண்டு கூட்டினால் 14, 17, 20. விடை என், க்யூ, டி(20).

இவ்வகைக் கேள்வி ஒவ்வொன்றிலும் மூன்றே வேலைகள். முதல் ஜோடியை எண்ணாக்க வேண்டும். அதிலுள்ள விதியைக் காண வேண்டும். அதே விதியை இரண்டாம் ஜோடியில் நடத்த வேண்டும்.

மூன்றாம் படி: எல்லா எழுத்துக்களிலும் சோதித்தல்

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணம்: "சி, ஜி, கே என்பதற்கு டி(4), ஐ, என் எப்படியோ, அப்படியே எச், எல், ஆர் என்பதற்கு எது?"

அவசரக்காரன் முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறான். 3 என்பது 4 ஆயிற்று. "ஓகோ, ஒன்று கூட்ட வேண்டும்" என்று எண்ணி, ஐ, எம், எஸ் என்று விடை காண்கிறான். அந்த விடை கொடுக்கப்பட்ட நான்கில் ஒன்றாகவே இருக்கவும் கூடும். கேள்வி தயாரிப்பவர்கள் அவசரக்காரனின் வழியை நன்றாக அறிந்தவர்கள்.

பொறுமைசாலியோ மூன்றையும் பார்க்கிறான். 3 என்பது 4, ஒன்று கூடியது. 7 என்பது 9, இரண்டு கூடியது. 11 என்பது 14, மூன்று கூடியது. ஆக விதி: முதலெழுத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. எச், எல், ஆர் என்பவை 8, 12, 18. அவை 9, 14, 21 ஆகின்றன. சரியான விடை ஐ, என், யு. இரண்டு விடைகளுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கடைசி எழுத்துவரை சோதித்தவனே தப்பினான்.

சில வேளைகளில் ஒரே ஜோடிக்கு இரண்டு விதிகள் பொருந்தும். "ஏ என்பதற்கு சி; ஈ என்பதற்கு எது?" ஒன்றுடன் இரண்டைக் கூட்டினாலும் மூன்று, ஒன்றை மூன்றால் பெருக்கினாலும் மூன்று. முதல் விதிப்படி விடை ஜி. இரண்டாம் விதிப்படி ஓ. இப்படி நேர்ந்தால் எளிய விதியாகிய கூட்டலை முதலில் எடுத்து, அந்த விடை கொடுக்கப்பட்டவற்றில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த விதிக்குப் போகலாம்.

நான்காம் படி: கடைசியைத் தாண்டினால்

"ஒய் என்னும் எழுத்துக்கு மூன்று கூட்டு" என்றால் 28 வருகிறது. 28-ஆம் எழுத்து ஏது? இங்கே பயப்பட ஒன்றுமில்லை. கடிகாரத்தில் பத்து மணிக்குப் பின் நான்கு மணி நேரம் சென்றால் பதினான்கு மணி என்றா சொல்கிறோம்? பன்னிரண்டைக் கழித்து இரண்டு மணி என்கிறோம். அவ்வாறே எண் 26-ஐத் தாண்டினால் 26-ஐக் கழியுங்கள். 28 என்பது 2, எனவே பி(2).

பின்னோக்கிப் போகும்போது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் 26-ஐக் கூட்டுங்கள். பி(2)-லிருந்து நான்கு கழித்தால் பூஜ்யத்திற்கும் கீழே இரண்டு. அதனுடன் 26 கூட்டினால் 24, எனவே எக்ஸ். விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள்: ஏ, இசட், ஒய், எக்ஸ். நான்கு அடிகள்.

எழுத்தை நகர்த்தி எழுதும் இந்தப் பழக்கம் மிகப் பழமையானது. ரோமைச் சரித்திர ஆசிரியர் சுவெட்டோனியுஸ் எழுதியிருப்பதன்படி, ஜூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்று தள்ளியிருக்கும் எழுத்தை எழுதினார். அவருக்குப் பின் வந்த அகுஸ்துஸ் (நம் ஆண்டவர் பிறந்தபோது குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதாகச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோமே, அந்தச் சக்கரவர்த்தி) ஒரே ஓர் எழுத்துத் தள்ளி எழுதினார். அரிச்சுவடியின் முடிவிலிருந்த எக்ஸ் வந்தபோது மட்டும், தொடக்கத்திற்குத் திரும்பி ஒற்றை ஏ போடாமல், இரண்டு ஏ எழுதினாராம். நம் பிள்ளைகள் 26-ஐக் கழித்துத் தொடக்கத்திற்கே திரும்பிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: எதிரெதிர் எழுத்துக்கள்

அன்று மாலை நான் கொடுத்த புதிர்களில் ஒன்று இது: "சி, ஐ, எம் என்பதற்கு எக்ஸ், ஆர், என் எப்படியோ, அப்படியே எஃப், எச், எல் என்பதற்கு எது?"

அந்தப் பெண் எண்களை ஒழுங்காக எழுதினாள். மேலே 3, 9, 13. கீழே 24, 18, 14. வித்தியாசம் பார்த்தாள்: 21, 9, 1. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பழைய விசனம் முகத்தில் திரும்பிற்று. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுடைய தாயார் மார்க்கெட்டில் பூக்கட்டி விற்பவர். ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர். அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், தாளை எட்டிப் பார்த்து, "ஏன் சாமி, மேலேயும் கீழேயும் இருக்கிறதைக் கூட்டினால் எல்லாம் இருபத்தேழுதானே வருது?" என்று கேட்டார்.

மகள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். 3-உம் 24-உம் 27. 9-உம் 18-உம் 27. 13-உம் 14-உம் 27. அதுவேதான் விதி! முதலெழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியது என்று அரிச்சுவடியை எதிரெதிராக நிறுத்துகிறார்கள். ஆகவே ஒவ்வோர் எண்ணையும் 27-லிருந்து கழித்தால் போதும். எஃப், எச், எல் என்பவை 6, 8, 12. கழித்தால் 21, 19, 15. விடை யு, எஸ், ஓ.

அன்று நான் சொல்ல நினைத்ததை அந்தத் தாயாரே காண்பித்துவிட்டார். இந்தப் புதிர்களில் இங்கிலீஷ் ஞானம் ஒன்றும் சோதிக்கப்படுவதில்லை. எழுத்துக்கள் வெறும் சட்டைதான். உள்ளே இருப்பது எண்ணிக்கை. பூவைக் கண்ணி கண்ணியாக எண்ணிக் கட்டுகிறவருக்கு அது புலப்பட்டது. எழுத்தைக் கண்டு மிரண்டவளுக்குப் புலப்படவில்லை. வித்தியாசத்தில் விதி தென்படாவிட்டால் கூட்டிப் பாருங்கள்; 27 வந்தால் அது எதிரெதிர்ப் புதிர்.

வேதாகமத்தில் ஓர் உதாரணம்

எதிரெதிர் எழுத்து முறை வேதாகமத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். எரேமியாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் 25-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்திலும், 51-ஆம் அதிகாரம் 41-ஆம் வசனத்திலும் 'சேசாக்' என்று ஒரு பெயர் வருகிறது. அப்படி ஒரு நாடு எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தில் தேட வேண்டாம். அது பாபிலோனைக் குறிக்கும் பெயர்.

எபிரேய அரிச்சுவடியில் 22 எழுத்துக்கள். ஆகையால் அங்கே எதிரெதிர் எழுத்துக்களின் கூட்டுத்தொகை 23. பாபிலோனுக்கு எபிரேயத்தில் பாபேல் என்று பெயர். அந்த மொழியில் மெய்யெழுத்துக்களை மட்டுமே எழுதும் வழக்கப்படி, அது பேத், பேத், லாமேத் என்னும் மூன்று எழுத்துக்கள். பேத் 2-ஆவது, அதற்கு எதிர் 21-ஆவதாகிய ஷீன். லாமேத் 12-ஆவது, அதற்கு எதிர் 11-ஆவதாகிய காஃப். ஆகவே பாபேல் என்பது ஷீன், ஷீன், காஃப் ஆகிறது. அதுவே சேசாக். ஆலெஃப் என்னும் முதலெழுத்தைத் தாவ் என்னும் கடைசி எழுத்தோடும், பேத் என்பதை ஷீன் என்பதோடும் இணைப்பதால், இந்த முறைக்கு அத்பாஷ் என்று பெயர் வழங்குகிறது.

51-ஆம் அதிகாரத்து வசனத்தில் சேசாக் என்ற பெயரும் பாபிலோன் என்ற பெயரும் அடுத்தடுத்தே வருகின்றன. வாசிக்கும்போது கவனியுங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

சிறு பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலேயே தொடங்கலாம். "கா என்பதற்குக் கி எப்படியோ, மா என்பதற்கு எது?" என்று கேளுங்கள். "மி" என்று சொல்லிவிடுவார்கள். "க என்பதற்குச் ச எப்படியோ, த என்பதற்கு எது?" என்று வல்லின வரிசையில் கேளுங்கள். க, ச, ட, த, ப, ற என்று ஓதிப் பார்த்து, "ப" என்பார்கள். இரவு ஜெபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் போதும். விளையாட்டாகவே வரிசை அறிவு வந்துவிடும்.

பெரிய பிள்ளைகள் பரீட்சை அறையில் உட்கார்ந்ததும், குறிப்புக்காகக் கொடுக்கப்படும் தாளில் 26 எழுத்துக்களையும் எண்ணோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் செலவாகும். அந்த ஒரு நிமிடம் பின்னால் பல நிமிடங்களை மீட்டுத் தரும். வீட்டில் தினந்தோறும் எழுதிப் பழகியவனுக்கு அந்த ஒரு நிமிடமும் தேவைப்படாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கணக்குத் தவறினவுடனே "உனக்கு மூளை இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அதைப் பல முறை கேட்ட பிள்ளை தானும் நம்பிவிடுகிறது. நம்பியபின் பென்சிலை எடுப்பதில்லை. கண்ணால் பார்த்து ஊகித்துவிட்டு எழுந்துவிடுகிறது. சர்வேசுரன் கொடுத்த புத்தியைக் குறை சொல்லுமுன், அதைப் பயன்படுத்தும் முறையை யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண் மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறாள். முடிவு எப்படியிருக்கும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் தினமும் மாலையில் பத்துப் புதிர்கள் போடுகிறாள். கூட்டல் கழித்தலைத் தாயார் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டே சரிபார்க்கிறார். "மூளை போதாது" என்ற பேச்சை நான் பிறகு கேட்கவில்லை. அவளுக்காகப் பூசையும் வைத்தாயிற்று. ஜெபமும் பிரயாசையும் ஒரே வண்டியின் இரு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை மட்டும் அடித்து ஓட்டக் கூடாது.

வீட்டில் போட்டுப் பார்க்க

1. பி(2), ஈ, எச் என்பதற்கு ஈ, எச், கே; ஐ, கே, ஓ என்பதற்கு எது?

2. கே, எம், ஆர் என்பதற்கு ஜே, கே, ஓ. ஐ, எக்ஸ், வி என்பதற்கு எது?

3. ஜே, எக்ஸ், என் என்பதற்கு என், பி(2), ஆர். ஒய், எச், இசட் என்பதற்கு எது?

4. பி(2), ஜே, வி என்பதற்கு ஒய், க்யூ, ஈ. ஐ, எல், எக்ஸ் என்பதற்கு எது?

விடைகள் (போட்டு முடித்தபின் பார்க்கவும்): 1. மூன்று கூட்ட வேண்டும்: எல், என், ஆர். 2. முறையே ஒன்று, இரண்டு, மூன்று கழிக்க வேண்டும்: எச், வி, எஸ். 3. நான்கு கூட்டி, 26-ஐத் தாண்டினால் 26 கழிக்க வேண்டும்: சி, எல், டி(4). 4. எதிரெதிர் எழுத்துக்கள், கூட்டுத்தொகை 27: ஆர், ஓ, சி.

நான்கும் சரியாக வந்தவர்கள் வராதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வராதவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் தாளோடும் பென்சிலோடும் திண்ணைக்கு வாருங்கள், சேர்ந்து எண்ணுவோம்.

உங்கள் பங்குக் குரு